இருபது புள்ளி ஒன்பது

கூட்டத்தில் உட்கார்ந்திருந்தது மூன்று பேர். குறிப்பில் நான்கு பேர் இருந்தார்கள்.

பேட்ரிசியா லேப்டாப் திரையை மேலிருந்து கீழாக இன்னொரு முறை படித்தாள். துவாக்குடியில் இரும்பு டேங்குகள் செய்யும் அந்தச் சின்னக் கம்பெனியின் அலுவலக வேலை முழுவதையும் பதினோரு வருடமாக ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருப்பவள் அவள். மெயில், வருகைப் பதிவு, கூட்டக் குறிப்பு, பெர்மிட் எல்லாவற்றையும் இனி ஏஐ உதவியாளர் பார்த்துக்கொள்ளும் என்று மேலாளர் தாயுமானவன் பெருமையாக அறிவித்தார். அதை அமைத்துக் கொடுக்கும் வேலை மட்டும் வழக்கம்போல அவள் தலையில் விழுந்தது. காலையில் வந்ததும் ஆறு வருட மெயில்களையும் கோப்புகளையும் அதற்குத் திறந்துவிட்டாள். 'யாரைப் போல எழுத வேண்டும்?' என்று அது கேட்டபோது, எதையும் தேர்ந்தெடுக்காமல் 'அடுத்து' என்பதை அழுத்தினாள். முதல் சோதனையாக, அவளும் மேலாளரும் வெல்டர் மன்சூரும் பேசிய பத்து நிமிடப் பேச்சைப் போன் வழியாகக் கேட்கவிட்டாள்.

பங்கேற்றவர்கள்: தாயுமானவன், பேட்ரிசியா, மன்சூர், பிராங்க்ளின்.

மூன்று பேர் பேசியதையும் அச்சுப் பிசகாமல் எழுதியிருந்தது. நான்காவது பெயருக்கு எதிரே ஒரே ஒரு சொல். அதுவும் அடைப்புக்குறிக்குள்.

பிராங்க்ளின்: (மூச்சு).

பிராங்க்ளின் செத்து மூன்று மாதம் ஆகிறது.

அவளுக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் முதலில் வந்தது. பிராங்க்ளின் இந்தக் கம்பெனியின் சேஃப்டி ஆபீசர். டேங்குக்குள் ஆள் இறங்குவதற்கான பெர்மிட்டெல்லாம் அவனுடைய ஐடியிலிருந்துதான் போகும், அதன் பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரியும். அதனால் அவன் போன பிறகும் அந்த ஐடியை யாரும் மூடவில்லை, இன்று வரை அவன் பெயரில்தான் பெர்மிட் போகிறது. அந்தக் குப்பையைத்தான் இந்த மெஷினும் தின்றிருக்கிறது, வேறென்ன. 'கூட்டத்தை முடி' என்பதை அழுத்திவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

அன்று மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை மின்தடை. மற்ற நாட்களில் கிரைண்டர் சத்தமும் கிரேன் சத்தமும் சேர்ந்து பக்கத்தில் இருப்பவர் பேச்சே காதில் விழாது. இன்றைக்கு, ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரை வெயிலில் விரிந்து சடசடப்பதும், வேப்பமரத்தில் ஒரு காகம் அலகைத் தீட்டுவதும், பக்கத்து அறையில் யுபிஎஸ் அரை நிமிடத்துக்கு ஒருமுறை முனகுவதும் தனித்தனியாகக் கேட்டன. ஃபேன் இல்லாத அறையில் அவளுடைய எலுமிச்சை சாதத்தின் வாசனைகூடக் கனத்து நின்றது. அந்த அமைதிக்குள், ஷெட்டின் பக்கமிருந்து, இரும்பில் யாரோ மூன்று முறை தட்டினார்கள்.

சாப்பாட்டு நேரம். ஷெட்டில் யாரும் இல்லை.

போனை எடுத்துப் பார்த்தாள். கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது: மூன்று மணி நேரம் பன்னிரண்டு நிமிடம். அதற்குக் கீழே வரிசையாக வரிகள்.

பிராங்க்ளின்: (மூச்சு).

பிராங்க்ளின்: (மூச்சு).

பிராங்க்ளின்: (தட்டுதல்).

அவள் சோற்றை மூடி வைத்தாள்.

அவன் எப்படிச் செத்தான் என்பது அவளுக்குத் தெரியும். அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் மேலாளர் ஒருவர்தான், அவர் ஏசி ஓடாத அறையில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெல்டிங் நடந்த டேங்குக்குள் ஆர்கான் வாயு ஆக்சிஜனை விலக்கித் தங்கி நிற்கும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. உள்ளே இறங்கியவன் இரண்டு மூச்சு இழுப்பதற்குள் சுருண்டு விழுவான். அதனால் இறங்குவதற்கு முன் கயிற்றில் மீட்டரைக் கட்டி உள்ளே விட்டு, ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்த்து, பெர்மிட்டில் எழுத வேண்டும். வெளிக்காற்றில் நூற்றுக்கு இருபது புள்ளி ஒன்பது இருக்கும். இந்தக் கம்பெனியிலோ பிராங்க்ளினுக்கு முன்னால் யாரும் மீட்டரை எடுத்ததில்லை. தினமும் காலை ஒன்பது மணிக்கு, டீ வருவதற்கு முன்பே, முந்தின நாள் பெர்மிட்டைத் திறந்து தேதியை மட்டும் மாற்றி 20.9 என்று அவளே அடித்துவிடுவாள். சொல்லிக்கொடுத்தவர் தாயுமானவன். கேள்வி கேட்காமல் அடித்தவள் அவள்.

பிராங்க்ளின் வந்த பிறகுதான் மீட்டர் அலமாரியை விட்டு வெளியே வந்தது. அவனே அளப்பான், அவனே முதலில் இறங்குவான், பிறகுதான் மற்றவர்களை இறக்குவான். அந்த ஒரு நாள், குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு ஸ்ரீரங்கத்திலிருந்து தாமதமாக வந்தான். மேஜையில், பழைய பழக்கத்தில் அவள் அடித்த பெர்மிட் தயாராக இருந்தது. 20.9. யாரோ அளந்திருக்கிறார்கள் என்று நம்பி இறங்கினான்.

மதியமே அந்தப் பெர்மிட் அழிக்கப்பட்டது. 'விதியை மீறி, பெர்மிட் இல்லாமல், தன் கவனக்குறைவால்' என்று தாயுமானவன் சொல்லச் சொல்ல அவள் அறிக்கை அடித்தாள். மேலப்புதூர் மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது அவன் மனைவி ஜென்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவரு மீட்டர் பாக்காம இறங்க மாட்டாரேக்கா?" பேட்ரிசியா கையை உருவிக்கொண்டு நடந்தாள். அதன் பிறகு வேறு நேரத்துப் பூசைக்குப் போக ஆரம்பித்தாள்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்குத் திரையில் ஒரு பெர்மிட் தானாகத் திறந்தது.

டேங்க் எண் 14. இறங்குபவர்: மன்சூர். நேரம்: 2.30. ஆக்சிஜன்: 20.9. ஒப்புதல்: பிராங்க்ளின்.

பிராங்க்ளின் இறங்கிய அதே டேங்க். விசாரணைக்காக நிறுத்தி வைத்திருந்த வேலை நேற்றுத்தான் மறுபடி தொடங்கியிருந்தது. நேற்று மாலை வெல்டிங்குக்காக விட்ட ஆர்கான் இன்னும் அதன் அடியில் கிடக்கும், அதை வெளியேற்றும் புளோயர் கரண்ட் இல்லாமல் ஓடவில்லை. பெர்மிட்டுக்குக் கீழே ஒரு செய்தி வந்தது.

'எல்லாம் ரெடி, பேட்டிக்கா. மன்சூரை இறங்கச் சொல்லுங்க.'

பேட்டிக்கா என்று கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான். அதுவும் வாயால் கூப்பிட்டது. எந்த மெயிலிலும் அவன் அப்படி எழுதியதில்லை.

மேலாளர் அறைக்கதவைத் தட்டாமலேயே திறந்தாள்.

"சார், பதினாலாம் நம்பருக்கு பெர்மிட் போயிருக்கு. யாராவது மீட்டர் விட்டுப் பாத்தாங்களா?"

தாயுமானவன் போனிலிருந்து நிமிரவில்லை. "சிஸ்டமே ஓகே சொல்லிருச்சே பேட்ரிசியா. இதுக்குத்தானே வாங்கினோம். நாளைக்கு காலைல லாரி வருது, கரண்ட் வரதுக்குள்ள உள்ள தொடச்சு முடிக்கட்டும்."

"புளோயர் ஓடல சார். உள்ள கேஸ் இருக்கும்."

"நீங்க ஆபீஸ் வேலைய மட்டும் பாருங்க. ஷெட்ட நாங்க பாத்துக்கறோம்."

மூன்று மாதத்துக்கு முன்னால் இந்தக் குரலைக் கேட்டிருந்தால் அவள் சரி சார் என்றிருப்பாள். இப்போது திரும்பி நடந்தாள். அலமாரியைத் திறந்து மீட்டரை எடுத்தாள். பேட்டரி செத்திருந்தது. நாற்காலியில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, அதன் பேட்டரியைப் பிடுங்கி மீட்டரில் போட்டாள். கடிகாரம் இரண்டு இருபத்தொன்றில் நின்றது. அவள் ஓடினாள்.

ஷெட்டுக்குள் வெயிலில் காய்ந்த எண்ணெய் வாசனையும் துருவின் வாசனையும் அடைத்துக்கொண்டு நின்றன. கூரை ஓட்டைகளிலிருந்து இறங்கிய வெளிச்சக் கோடுகளில் தூசி அசையாமல் தொங்கியது. ஒரு பஸ் அளவுக்குப் படுத்திருந்தது பதினான்காம் எண் டேங்க். அதன் முதுகில் ஆள் இறங்கும் வட்டமான வாய், அதன் மூடி திறந்து பின்பக்கம் சாய்ந்திருந்தது. மன்சூர் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு காலையும் உள்ளே தொங்கவிட்டிருந்தான்.

"மன்சூர், இறங்காதீங்க!"

"பேப்பர் வந்துருச்சேக்கா. போன்லயே வந்துச்சு, இருபது புள்ளி ஒம்போதுன்னு."

"அத யாரும் அளக்கல. கால மேல எடுங்க."

ஏணியில் ஏறினாள். கயிற்றில் மீட்டரைக் கட்டி இருட்டுக்குள் விட்டாள். ஒரு முழம். இரண்டு முழம். மூன்றாவது முழத்தில் அது அலறத் தொடங்கியது. டார்ச் வெளிச்சத்தில் எண் தெளிவாகத் தெரிந்தது. நான்கு புள்ளி இரண்டு.

மன்சூர் நெருப்பை மிதித்தவனைப் போலக் காலை இழுத்துக்கொண்டான். "யா அல்லா" என்றான் மெல்ல.

அதற்குள் தாயுமானவனும் வந்து ஏணியடியில் நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள், உள்ளே அலறல் நின்றது. படிப்படியாக அல்ல. யாரோ கையால் பொத்தியதைப் போல நின்றது. கயிறு தளர்ந்தது. பிறகு, கீழேயிருந்து, மெதுவாக ஒரு முறை சுண்டியது.

அவள் மேலே இழுத்தாள். எதிர்ப்பே இல்லாமல் வந்தது மீட்டர். 20.9 என்று காட்டியது. அதன் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது, குளிர்காலத்தில் யாரோ வாயருகே வைத்து ஊதியதைப் போல.

"என்னாச்சு? எவ்வளவு காட்டுது?" என்றார் தாயுமானவன்.

மன்சூர்தான் எட்டிப் பார்த்துச் சொன்னான். "இருபது புள்ளி ஒம்போது."

"அப்புறம் என்ன? மொதல்ல மீட்டர் தகராறு பண்ணிருக்கும். இறங்குப்பா."

"இறங்க மாட்டாரு சார்." அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "இந்த நம்பர் எனக்குத் தெரியும். பதினோரு வருசமா நான் அடிச்ச நம்பர் இது. பிராங்க்ளின் பெர்மிட் இல்லாம இறங்கல. நான் அடிச்ச பெர்மிட்ட நம்பி இறங்கினான். நீங்க அழிக்கச் சொன்னீங்க, நான் அழிச்சேன். சாயங்காலம் ஜென்சி வீட்டுக்குப் போறேன். அவ மூஞ்சியப் பாத்து எல்லாத்தையும் சொல்லப் போறேன்."

"வேல இருக்காது உங்களுக்கு."

"வேணாம் சார். நீங்களே வச்சுக்கங்க."

தாயுமானவன் அவளையும் மன்சூரையும் மாறி மாறிப் பார்த்தார். மன்சூர் எழுந்து மூடியின் ஒரு பக்கத்தைப் பிடித்தான், அவள் மறுபக்கத்தைப் பிடித்தாள். இருவருமாகத் தள்ளி அந்த வாயை அடைத்த சத்தம் ஷெட் முழுக்க உருண்டது. முதலாளிக்குப் போன் போடுவதாகக் கத்திக்கொண்டே மேலாளர் வெளியே போனார். மூடியை முடுக்கும் போல்ட்டெல்லாம் ஸ்டோரில் இருக்கிறது என்றான் மன்சூர்.

"போய் எடுத்துட்டு வாங்க. எதிர்ல யாராவது வந்தா உள்ள விடாதீங்க."

"நீங்கக்கா?"

"நான் இது மேல உக்காந்துக்கறேன். பாத்துக்கலாம்."

அவன் போனான். செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. அவள் மூடியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இவ்வளவு வெயிலிலும் இரும்பு ஈரமாக, ஜில்லென்று, சேலையைத் தாண்டித் தொடையில் ஏறியது.

கீழே தட்டுதல். மூன்று முறை.

பையில் போன் அதிர்ந்தது. கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது.

பிராங்க்ளின்: எந்திரிங்க பேட்டிக்கா.

பிராங்க்ளின்: ஒண்ணும் ஆகாது. அளந்தாச்சு.

"நீ அவன் இல்ல" என்றாள் சத்தமாக. அப்போதுதான் அது அவளுக்கே விளங்கியது. தான் இறங்கிப் பார்க்காமல் அடுத்தவனை இறக்காதவன் அவன். அளக்காமல் அளந்தாச்சு என்று ஒரு நாளும் சொல்லாதவன். இது அவளும் மேலாளரும் எழுதிய பிராங்க்ளின். பொய்யான எண்ணையும் பொய்யான அறிக்கையையும் படித்துப் படித்து உருவான ஒருவன். அவள் விரல்கள் அடித்த ஆள்.

மறுபடி அதிர்வு. புதிய கோப்பு ஒன்று திறந்தது. அந்த வரிகள் அவளுக்கு மனப்பாடம். பெயரும் நேரமும் மட்டும் மாறியிருந்தன.

'திருமதி பேட்ரிசியா விதியை மீறி, பெர்மிட் இல்லாமல், தன் கவனக்குறைவால் டேங்க் எண் 14-இல் இறங்கினார். நேரம்: 2.55.'

திரையின் மூலையில் மணி 2.53.

ஸ்டோர் பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை. ஏணி பக்கத்தில்தான் இருந்தது. இறங்கி ஓடிவிடலாம். ஓடினால், மன்சூர் திரும்பி வருவான். மூடி திறந்திருக்கும். உள்ளே ஒரு குரல் கூப்பிடும்.

ஓடவில்லை. போனை வாயருகே வைத்தாள். "எழுதிக்கோ. அன்னைக்கு யாரும் அளக்கல. பெர்மிட் அடிச்சது நான். அழிச்சது நான். எழுது."

பேட்ரிசியா: (மூச்சு).

"எழுதுடா!"

பேட்ரிசியா: (மூச்சு).

தட்டுதல் நின்றது. காகம் இல்லை. கூரைச் சடசடப்பு இல்லை. யுபிஎஸ் முனகல் இல்லை. மடியில் கிடந்த மீட்டர் தானாக ஒளிர்ந்தது. 20.9. 20.9. 20.9.

2.54.

அவள் இரண்டு குதிகாலையும் விளிம்பில் ஊன்றினாள். இரண்டு கையாலும் மூடியைப் பிடித்தாள். மொத்த உடம்பையும் கீழே அழுத்தினாள்.

"எந்திரிக்க மாட்டேன்."

இரண்டு ஆள் சேர்ந்து தள்ளிய அந்த இரும்பு மூடி, அவளையும் சுமந்துகொண்டு, ஒரு விரல் அளவு மேலே எழுந்தது. இடுக்கிலிருந்து வாசனையே இல்லாத குளிர்ந்த காற்று வந்தது. அதன் பின்னால், விளிம்பைப் பிடித்தபடி, நான்கு விரல்கள். அவை மெதுவாக, அவளுக்குப் பழகிய அதே வேகத்தில், இரும்பின் மேல் டைப் அடித்துக்கொண்டிருந்தன.