தோளில் கிடந்த கை

புதன்கிழமை, காலை ஏழு இருபது. பீரோவின் மேல் பழைய செய்தித்தாள் மட்டும் இருந்தது. அதில் சுற்றி வைத்திருந்த போட்டோவைக் காணோம்.

அக்கா ஸ்டூலில் ஏறித் துழாவினாள். தூசிதான் கையில் வந்தது. கீழே பெயிண்டர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றான். திங்கட்கிழமை சுவரிலிருந்து சட்டத்தை இறக்கி, தாளில் சுற்றி மேலே வைத்தவன் அவன்தான். அக்கா வீடாயிற்றே என்று கூலி பேசாமல் வெள்ளையடிக்க வந்த தம்பி.

அப்பாவுக்கு இருந்தது அந்த ஒரே படம். பாலம் கட்டுகிற இடத்தில் ஆறு பேர் வரிசையாக நிற்பார்கள். வலது கோடியில் அப்பா. அவர் தோளில் ஒரு கை கிடக்கும். கை மட்டும்தான். கைக்காரன் வருவதற்குள் படம் முடிந்துவிடும். "யாருப்பா அந்தக் கை?" என்று சின்ன வயதில் கேட்டால், "போற போக்குல எவனோ வெச்சிட்டுப் போனான்" என்பார். அதற்கு மேல் அவர் வாயைப் பிடுங்க முடிந்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா அதைச் சட்டத்தோடு போனில் எடுத்து 'பழைய முகங்கள்' குழுவில் போட்டிருந்தாள். முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் வீட்டுப் படங்களைப் போட்டு, நினைவுகளைச் சொல்லிக்கொள்கிற இணையக் குழு அது. கண்ணாடியில் டியூப் லைட் அடித்து அப்பாவின் பாதி முகத்தைத் தின்றிருந்தது. ஆனாலும் இதயங்கள் குவிந்தன.

படம் தொலைந்தது தெரிந்த அன்று எட்டு மணிக்குள் இன்னொன்றும் போட்டுவிட்டாள்: 'அப்பா படம் திருட்டுப் போய்விட்டது. கடைசியாகத் தொட்டவன் வெள்ளையடிக்க வந்தவன். சொந்தத்தை நம்பினாலும் இதுதான் கதி.'

நானூற்றுப் பன்னிரண்டு பேர் அழுகிற முகம் போட்டார்கள்.

"ஏன்க்கா, என்னை நாலு பேர் காறித் துப்பணுமா?"

"உன் பேரை எங்கடா போட்டேன்?"

"பேரு வேற போடணுமா?"

அக்கா புருஷன், அவனுக்கு மாமா, கூரியர் அலுவலகத்தில் எழுத்தர். சாந்தமாகச் சொன்னார்: "விடு மச்சான். எடுத்திருந்தா கமுக்கமா வெச்சிட்டுப் போயிடு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்."

அந்த 'விடு' தான் அவனைச் சுட்டது.

செவ்வாய் காலை வரை படம் பீரோ மேல் இருந்ததை அக்காவே பார்த்திருக்கிறாள். மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை வீட்டில் யாருமில்லை. அக்கா தையல் கடையில். மாமா அலுவலகத்தில், அப்படித்தான் சொன்னார். அவன் பெயிண்ட் கடையில் நின்றான். கடைக்காரன் கலரை மாற்றிக் கலந்து கொடுத்து இரண்டு தடவை அலையவிட்டான். இடையில் அலைந்த நேரத்துக்கு வாளியைத் தவிர சாட்சி இல்லை.

செவ்வாய் காலை கதவு இழைக்க ஒரு தச்சர் வந்து போயிருந்தார். பெயிண்டர் அவரைத் தேடிப் போனான்.

"எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?"

"பன்னெண்டுக்கு. உங்க அக்காதான் வாசக்கதவைச் சாத்துனாங்க. ஏன், என் மேல சந்தேகமா?"

"எல்லார் மேலயும்தாண்ணே."

"அந்தச் சட்டம் பொட்டிப் பலகைய்யா. அதைத் திருடி நான் பல்லா குத்தப் போறேன்?"

அதுவும் நியாயம்தான். கூட்டலிலும் கழித்தலிலும் மிஞ்சியது அவன் ஒருவன். தன்னைத் தானே எப்படி விசாரிப்பது?

வியாழன், மதியம் ஒன்றரை. வேறொரு கட்டடத்தில், கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, அக்காவின் ஞாயிற்றுக்கிழமைப் பதிவைத் திறந்தான். நாற்பத்தொரு வயதில் எழுத்துக் கற்றவன். படித்தவர்கள் மேய்ந்துவிட்டுப் போய்விடுவார்கள். அவனுக்கு மேயத் தெரியாது. வரிக்கு அடியில் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தையும் மென்றுதான் விழுங்க வேண்டும். சாப்பாடு ஆறியது.

'அருமை.' 'அருமை.' 'என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.' 'முகம் தெளிவாக இல்லையே, நல்லதாக ஒன்று போடுங்கள்.' இப்படிக் கேட்டவர்கள் மட்டும் பதினோரு பேர். அப்புறம் ஒரு பெண்: 'தோளில் கை போட்டிருப்பவர் யார்? ஆளையே காணோமே!' அதற்கு மாமாவின் பதில், செவ்வாய் இரண்டு முப்பத்தைந்து: 'கூட வேலை பார்த்தவர். மூக்குக்கண்ணாடி, இடது கையில் தூக்குவாளி. காலம் மறந்த மனிதர்!'

பத்தொன்பது இதயங்கள்.

விரல் அந்த இடத்திலேயே நின்றது. திரும்பப் படித்தான். பிறகு சாப்பிடாமலே எழுந்தான்.

மாலை ஆறு மணி. அக்கா வீட்டுக் கூடம்.

"மாமா, எங்கப்பாவை நீங்க பாத்திருக்கீங்களா?"

"எங்க பாக்குறது? கல்யாணத்துக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாரே."

"செவ்வாக்கிழமை ரெண்டரைக்கு எங்க இருந்தீங்க?"

"ஆபீஸ்ல. என்ன மச்சான், போலீஸா?"

"மூக்குக்கண்ணாடி போட்டவரை எங்க பாத்தீங்க?"

மாமா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்காதான் கேட்டாள்: "எந்த மூக்குக்கண்ணாடி? படத்துல இருக்கறவங்க யாரும் கண்ணாடி போடலையே."

"போடலக்கா. ஆறு பேர்ல ஒருத்தரும் போடல. ஆனா கைக்காரர் போட்டிருந்தாராம். தூக்குவாளி வெச்சிருந்தாராம். அம்பது வருஷமா நாம பாக்காத ஆளு. அப்பா அவரைப் பின்பக்கமா மடிச்சுச் சட்டத்துக்குள்ள போட்டிருக்காரு. ஆணியைப் பிடுங்கிச் சட்டத்தைத் திறந்தவங்களுக்கு மட்டும்தான் அவரைத் தெரியும்." போனை நீட்டினான். "இது மாமா எழுதினது. மணியும் போட்டிருக்கு."

அக்கா வாங்கிப் படித்தாள். "இதை நானும் பாத்தேனே," என்றாள் மெதுவாக.

"பாத்த. படிக்கல."

மாமா சோபாவில் சரிந்து, அக்காவிடம் சொன்னார்: "பதினோரு பேர் கேட்டாங்க. கண்ணாடியை எடுத்துட்டு ஒரு நல்ல படம் எடுத்துப் போட்டா உனக்குச் சந்தோஷமா இருக்குமேன்னு அரை நாள் லீவு போட்டு வந்தேன். பின்பக்கம் திறந்ததும் அந்த ஆளு. சந்தோஷத்துல உடனே பதிலும் எழுதிட்டேன். அப்புறம்தான் கண்ணாடியிலிருந்து உரிச்சேன்..." ஸ்கூட்டர் சாவியை நீட்டினார்.

சீட்டுக்கு அடியில், மழைச்சட்டைக்குள், படம், கண்ணாடி, சட்டம் எல்லாம் இருந்தன. அப்பா வலது கோடியில் நின்றார், கழுத்து வரை. முகம் இருந்த இடத்தில் வெள்ளைக் காகிதம். அத்தனை வருட ஈரத்தில் முகம் கண்ணாடியோடு ஒட்டி, உரித்தபோது அங்கேயே தங்கிவிட்டது. மடித்துக் கிடந்ததால் கண்ணாடி தொடாத கைக்காரருக்கு மட்டும் ஒரு கீறலும் இல்லை. மூக்குக்கண்ணாடியோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா கண்ணாடியைச் சுரண்ட நகத்தை நீட்டினாள்.

"தொடாத!" தம்பி அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை.

படத்தை மேசையில் விரித்தான். கண்ணாடியை அதன்மேல் தாழ்த்தி, நூல் பிடித்துக் கோடு போடுகிறவன் கையால், மயிரளவு மயிரளவாக நகர்த்தினான். கழுத்தின் மேல் முகம் வந்து உட்கார்ந்தது. தாடையில் ஒரு வெடிப்பு. அவ்வளவுதான்.

அக்கா சத்தமில்லாமல் அழுதாள். பிறகு பழக்கதோஷத்தில் போனைத் தூக்கினாள்.

"படம் எடுக்காத. முதல்ல எழுது. என்னைத் திருடன்னு சொன்ன இடத்துலயே, இல்லைன்னும் சொல்லு."

எழுதினாள். 'படம் கிடைத்துவிட்டது. தம்பி எடுக்கவில்லை. தப்பு எங்கள் வீட்டில்தான்.' மாமா தலைகுனிந்தபடி தன் போனில் அதற்கு ஒரு இதயம் போட்டார்.

மறுநாள் மதியம், வாளிமேல் உட்கார்ந்து பார்த்தான். திருட்டுப் பதிவில் ஐந்நூற்று நாற்பது அழுகிற முகங்கள். இன்னும் வந்துகொண்டிருந்தன. இந்தப் பதிவில் இரண்டு இதயங்கள். ஒன்று அக்காவுடையது, ஒன்று மாமாவுடையது.

பெயிண்ட் காய்ந்த விரலை வேட்டியில் துடைத்து, மூன்றாவதை அவனே அழுத்தினான்.