எதிரிக்கு முதலில் குடிநீர்

வந்திருந்தோர்: குடிநீர்க் குழுச் செயலாளராகிய நான், மேசைக்குத் தெற்கே. தொட்டி பார்க்கும் கிரகோரி, சன்னல் கட்டையில். எழுபத்திரண்டு வயது அந்தோணிக்கண்ணு அண்ணாச்சி, இருந்த ஒரே நாற்காலியில். அவர் மகள் ஜெபமேரி, கதவருகே நின்றபடி.

வழக்கம்போல் அன்று காலையும் அண்ணாச்சி தேரிக்காட்டின் ஆளில்லாக் காவலரணைத் தாண்டிப் போய், ஊருக்குத் தண்ணீர் தரும் ஒரே கிணற்றின் வால்வைத் திறந்துவிட்டு வந்திருந்தார். அவரால் மட்டுமே அது முடியும். அரணின் காவற்கண், அதாவது சென்சார், பதிவில் இல்லாத முகத்தைக் கண்டால் சுடும். போர் முடிந்து நாற்பத்தாறு வருடமாகியும் அதற்கு யாரும் சொல்லவில்லை.

போரின்போது முகப்பதிவு நடந்த அன்று நிவாரண அரிசி என்று நினைத்து, ரேஷன் கார்டுக்கு ஓர் ஆளாகத்தான் போனார்கள். முப்பத்தொரு முகங்கள். முப்பது பேர் கல்லறையில்.

அரணை அகற்றக் கோரிப் பதினான்கு மனு எழுதினேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: நேரில் ஆய்வு செய்த பிறகே நடவடிக்கை. ஆய்வுக்கு வந்தவர்கள் அரணின் எல்லைக்கல் வரை வந்து திரும்பினார்கள். அவர்கள் முகமும் பதிவில் இல்லை.

"வியாழக்கிழமை அப்பாவுக்கு இதய ஆபரேஷன். மூணு மாசம் மதுரையிலதான் இருக்கணும்" என்றாள் ஜெபமேரி.

"அதுவரைக்கும் நாங்க நாக்க நனைக்காண்டாமாக்கா?" என்றான் கிரகோரி.

"எங்கப்பா செத்தா மட்டும் தண்ணி வந்துருமோ?"

நான் அரணின் போர்க்காலக் கையேட்டில் நாற்பத்தாறாம் பக்கத்தை வாசித்தேன். எழுத்து மூலம் சரணடையும் எதிரியைச் சுடாமல், முதலில் குடிநீருக்கு வழிவிட வேண்டும். பெயர், முகப்படம், கையொப்பம் போதும். காகிதத்தை அரணே படித்துக்கொள்ளும்.

கிரகோரி சிரித்தான். "நம்ம அரணுக்கு நாமளே எதிரியா வே?" பிறகு சிரிப்பு நின்றது. "ஊர்க்காரன்னு பதினாலு தடவ எழுதுனீரு. என்ன கிடைச்சுது? எழுதும்."

மாலைக்குள் இருநூற்றேழு பேர் முகப்படம் ஒட்டிக் கையெழுத்திட்டார்கள். 'எந்த நாட்டுப் படை' என்ற கட்டத்தில் எங்கள் ஊரின் பெயரையே எழுதினேன். அண்ணாச்சி பேனாவுக்குக் கை நீட்டினார்.

"உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி? அதுக்கு நீங்க எதிரியில்லையே."

"ஊரு பூரா அந்தப் பக்கம் போனப்புறம், நான் மட்டும் யாரு பக்கம்வே நிக்க?"

இருநூற்றெட்டாவதாக அவர் கையெழுத்து. உறைக்குப் பசை தடவி ஒட்டி அவரிடமே கொடுத்தேன். ஜெபமேரி எல்லைக்கல் வரை காரில் கொண்டுவிட்டாள். மீதித் தூரத்தை மெல்ல நடந்துபோய், அரணின் சுவர்த் துளையில் அதைப் போட்டார்.