வரம்பில்லாத அனுமதி

"கதவைச் சாத்திட்டா, ஏற்கனவே உள்ள வந்தவங்க என்னப்பா ஆவாங்க?"

ஆலோசகரின் மகள் ஐந்து வயதில் கேட்ட கேள்வி இது. நின்று யோசிக்க வேண்டிய கேள்வி. அவரோ அதைத் துணுக்காக்கி வகுப்புகளில் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். கிரிப்டோ வாலட்டை, அதாவது மின்நாணயப் பெட்டியை, இணையத்தில் உள்ள செயலிகளோடு பத்திரமாக இணைப்பது எப்படி என்று ஊருக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் தொழில். இணைப்பது கதவைத் திறப்பது, அனுமதி கொடுப்பது பெட்டிச் சாவியைக் கையில் கொடுப்பது என்பார். 'துண்டி' என்பதை அமுக்கினால் கதவுதான் மூடும். சாவி வாங்கியவனிடமே இருக்கும், அனுமதியைத் தனியாக நீக்க வேண்டும் என்பார். ஒரு சொல் பொய்யில்லை.

பொய்யெல்லாம் அவருடைய இன்னொரு தொழிலில் இருந்தது. சேமிப்பை இரட்டிப்பாக்குவதாகச் சொல்லும் ஒரு தளத்தை அவர் ரகசியமாக நடத்தினார். வந்தவர்கள் வாலட்டை இணைத்தார்கள். வரம்பில்லாத அனுமதி கொடுத்தார்கள். மறுநாள் பெட்டி காலி. நோயாளிக்குப் பத்தியம் சொல்லிவிட்டு அவன் கஞ்சியைத் திருடிக் குடிக்கும் பிழைப்பு. போலீஸ் பயம் வந்ததும் தளத்தை மூடிவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல வகுப்பெடுக்கப் போய்விட்டார். அப்படிப்பட்டவருக்கும் கடவுள் நல்ல தூக்கத்தைக் கொடுத்திருந்தார். கடவுளின் பொறுமைக்கு எல்லையே இல்லை.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அவர் ஒரு தையல்காரம்மாவின் வீட்டுக்குப் போனார். கணவர் இறந்து ஒன்றரை வருடம். அவருடைய வாலட்டில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் நாணயங்கள் மிச்சம் இருந்தன. தையல் கடைக்கு மாத முடிவுக்குள் வாடகை பாக்கியைக் கட்டாவிட்டால் பூட்டு. அந்த நாணயங்களைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி அந்த அம்மாள் கேட்டார்.

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது தம்பி. நீங்க பாத்து என்ன செஞ்சாலும் சரி."

இப்படிப் பேசுகிறவர்களைக் கண்டால் ஆலோசகருக்கு இளக்காரம். நம்புகிறவர்களைத்தான் அவர் முட்டாள் என்பார்.

குறுகிய மாடிப்படியில் ஏறும்போது ஒரு ஆணி அவர் சட்டைப் பையைக் கிழித்துவிட்டது. அந்த அம்மாள் விடவில்லை. "கழட்டிக் குடுங்க. கிழிஞ்ச சட்டையோட வீட்டுக்குப் போனா நல்லாவா இருக்கும்?" என்று வாங்கிக்கொண்டு கீழே போனார். கொஞ்ச நேரத்தில் தையல் இயந்திரம் கடகடவென்று ஓடத் தொடங்கியது.

கணவர் இருந்த மாடி அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், பழைய லேப்டாப். ஜன்னல் சாத்தியிருந்தது. தலைவலித் தைல வாசனை, யாரோ இப்போதுதான் நெற்றியில் தேய்த்துக்கொண்டது போல. பனியனோடு உட்கார்ந்த ஆலோசகர், கட்டைவிரல் அளவே இருந்த வாலட் கருவியை லேப்டாப்பில் செருகினார். அதன் இரண்டு பொத்தான்களையும் ஒருசேர அழுத்தினால்தான் அனுமதி எதையும் கொடுக்கவோ நீக்கவோ முடியும். இறந்தவர் துண்டுத்தாளில் எழுதி வைத்திருந்த ரகசிய எண்ணைப் போட்டதும் வாலட் திறந்தது.

அனுமதிகளின் பட்டியலில் ஒரே ஒரு வரி. அவர் மூடிய அதே தளம்.

பழைய கணக்கைப் பார்த்தார். இரண்டு வருடம் முன்பு அந்த அம்மாளின் கணவர் தளத்தோடு இணைந்திருக்கிறார். ஒரு மணி நேரத்தில் பயந்துபோய்த் துண்டித்திருக்கிறார். அதோடு தப்பித்தோம் என்று நினைத்திருக்கிறார். மறுநாள் நாலாயிரத்து இருநூறு நாணயங்கள் போயிருந்தன. தளம் மூடிய பிறகு, விட்டதைப் பிடிக்க எங்கோ கடன் வாங்கி மறுபடி போட்டது இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரம். அடுத்த சில மாதங்களில் ஆளும் போய்விட்டார்.

வேறு ஒருவர் இங்கே கருவியைப் பிடுங்கி வைத்துவிட்டு எழுந்திருப்பார். ஆலோசகருக்குச் சிரிப்புதான் வந்தது. அனுமதி இன்னும் உயிரோடு இருக்கிறது. தன் கைபேசியில் இருந்தே மிச்சத்தையும் இழுத்துக்கொள்ளலாம். கீழே அந்த அம்மாள் இவருடைய சட்டைப் பையைத் தைத்துக்கொண்டிருக்க, மேலே இவர் அவருடைய பெட்டியில் கையை விட்டார்.

கைபேசியில் கட்டளையை எழுதினார். அனுப்பப் போனார்.

லேப்டாப் திரையில் சுட்டி நகர்ந்தது.

யாரும் தொடவில்லை. அது மெதுவாக, கணினி பழகாதவர் கை போலத் தடுமாறி நகர்ந்தது. 'துண்டி' என்ற இடத்தில் நின்றது. யோசித்தது. அதைத் தாண்டிப் போய் 'அனுமதியை நீக்கு' என்ற இடத்தில் நின்றது.

வகுப்பில் அவர் சொல்லிக்கொடுத்த அதே வரிசை.

கருவியின் சின்னத் திரை ஒளிர்ந்தது. உறுதிதானா என்று கேட்டது. இரண்டு பொத்தான்களும் ஒருசேர உள்ளே அமுங்கின.

டிக்.

தைல வாசனை நெருங்கி வந்தது. பக்கத்து நாற்காலியின் பிரம்பு, பாரம் ஏறியது போல முனகியது.

ஆலோசகர் அவசரமாகக் கைபேசியை அமுக்கினார். அனுமதி இல்லை என்று பதில் வந்தது. அதற்குக் கீழே, அவருடைய சொந்த வாலட்டில், ஒரு கேள்வி எழுந்தது. பெயர் இல்லாத ஒன்று இணையக் கேட்டது. அவர் 'மறு' என்பதை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். விரல் பட்ட இடம் பனிக்கட்டியாகச் சில்லிட்டது.

இணைந்தது.

அனுமதி: வரம்பில்லை.

கீழே தையல் இயந்திரம் நின்றது. அந்த அமைதியில், காதருகே யாரோ நிதானமாக மூச்சு விட்டார்கள்.

"பயப்படாதீங்க," என்றது ஒரு குரல், இருமலுக்கு நடுவில். "நான் எடுக்க மாட்டேன். நீங்களே குடுங்க."

அந்த அம்மாள் சட்டையோடு படியேறி வந்தபோது ஆலோசகர் வேர்வையில் நனைந்திருந்தார். புழுக்கமாக இருக்கிறதா என்று கேட்டு அவரே ஜன்னலைத் திறந்துவிட்டார். தைத்த இடம் தெரியவே இல்லை. கூலி எவ்வளவு என்று ஆலோசகர் திக்கித் திணறிக் கேட்டதற்கு, நாலு தையலுக்குக் கூலியா என்று சிரித்தார். ஆலோசகர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்தையும் அந்த அம்மாள் பெயரில் புது வாலட்டுக்கு மாற்றிக் கொடுத்தார். பேயைவிட அந்தச் சிரிப்புதான் அவரை அதிகம் உலுக்கியது என்று நம்ப எனக்கு ஆசை.

மூன்று நாள் அவர் தன் வாலட்டிலிருந்து அந்த அனுமதியை நீக்கப் பார்த்தார். தனக்குத் தெரிந்த வித்தை அத்தனையும் காட்டினார். அந்த வரி அசையவில்லை. காசை வேறு வாலட்டுக்கு மாற்றினார். அங்கேயும் அதே வரி காத்திருந்தது. ஆனால் ஒரு நாணயம்கூடக் குறையவில்லை. அது சொன்ன சொல் தவறவில்லை. திருடனாக இருந்திருந்தால் இவருக்குப் புரிந்திருக்கும்.

நாலாம் நாள் காலை பத்து மணி. மனைவி வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போயிருந்தார்கள். ஆலோசகர் சமையலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தையல்காரம்மாவின் வாலட் முகவரியை எடுத்தார். யார் அனுப்பியது என்று எழுதும் இடத்தைக் காலியாக விட்டார்.

தொகை எழுதும் இடத்தில்தான் புத்தி தன் வேலையைக் காட்டியது. அன்றைக்கு ஆலோசனைக் கட்டணம் வாங்கவில்லையே. நாலாயிரத்து இருநூறில் அதைக் கழித்துக்கொண்டு நாலாயிரம் என்று எழுதினார். மரண பயத்திலும் கமிஷன் பார்த்த மகராசன். அனுப்பு என்று அமுக்கினார்.

போனது. பெருமூச்சு விட்டார்.

திரையில் இன்னொரு வரி வந்தது. அவர் விரல் கைபேசியைத் தொடவே இல்லை.

இருநூறு. அதே முகவரிக்கு.

கடன் முழுதாக அடைந்தது. அடைத்ததை யாரும் பார்க்கவில்லை. தாழிட்ட சமையலறையில் தைல வாசனை மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. அவர் வாலட்டில் அந்த அனுமதி அப்படியே இருந்தது.