பட்டியலில் இல்லாத ரத்தம்

"என் ரத்தத்தை என்னதான் பண்ணீங்க? கீழ கொட்டிட்டீங்களா?"

கதவைத் திறந்ததும் திறக்காததுமாக ஒரு சண்டை! பரிசோதனைக்கூட வாசலில் மழை சொட்டச் சொட்ட நின்றான் அந்த லிஃப்ட் மெக்கானிக். அங்கே உறுப்பு தானத்துக்குத் திசுப் பொருத்தம் பார்க்கும் அவளுக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தக் கண்கள்... கத்தும்போதுகூடச் சிரிக்கிற கண்கள். அடச்சே, இப்போது போய் இதையா கவனிப்பது!

"கொட்டலை. திரும்ப எடுக்கணும், அவ்வளவுதான்."

"முதல்ல பொருந்தலைன்னீங்க. இப்ப மறுபடியும் ஊசியா? தப்புப் பண்ணிட்டு மழுப்பாதீங்க மேடம்."

பின்னாலிருந்து அவன் முதுகில் குடையால் ஓர் அடி விழுந்தது. அவனுடைய அக்கா! அவன் சிறுநீரகம் கொடுக்கத் துடிப்பது அவளுக்குத்தான்.

"வாய மூடிக்கிட்டுக் கைய நீட்டுடா. எனக்கும் சேர்த்து எடுங்கம்மா."

ஊசியைக் கண்டதும் அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான். இத்தனை வாய் பேசியவனா இவன்! அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

உண்மையில் அவளுக்கும் உள்ளுக்குள் உதறல்தான். அவன் மரபணுவில் ஓர் எழுத்து, தெரிந்த திசு வகைகளின் பட்டியல் எதிலும் இல்லாதது. அக்காவின் பழைய ரிப்போர்ட்டோடும் ஒட்டவில்லை. "ரத்தக் குப்பியை மாத்தி வெச்சிருப்பே" என்று டாக்டரே சொல்லிவிட்டார். 'நானா? மாற்றி வைப்பேனா?' என்று ரோஷம் பொங்கியது. இருந்தாலும், ஒருவேளை...

அடுத்த சில நாட்களில் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். மறுபடியும் அதே எழுத்து. அக்காவின் ரத்தத்திலும் அதே எழுத்து! பழைய சோதனை அதைக் கண்டுகொள்ளாமல், தெரிந்த வகை ஒன்றின் பெயரைச் சொல்லியிருந்தது. அவள் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாள்.

மறுநாளும் மழை. கூப்பிட்டதும் ஓடி வந்தவன், யாரும் கேட்காமலே சட்டைக் கையைச் சுருட்டிக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

"கைய இறக்குங்க. இன்னிக்கு ரத்தம் வேண்டாம்."

"அப்ப... ஒண்ணும் நடக்காதா?"

"இதுவரைக்கும் யாரும் பதிவே பண்ணாத ஒரு வகை உங்ககிட்ட இருக்கு. உங்க அக்காகிட்டயும் அதேதான். ரெண்டு பேருக்கும் அப்படியே பொருந்துது. நீங்க குடுக்கலாம்."

அவன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். தோள்கள் குலுங்கின.

"அன்னிக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மன்னிச்சிடுங்க. பயந்துட்டேங்க. அவளை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தான். பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. "ஆமா, இதை போன்லயே சொல்லியிருக்கலாமே? இந்த மழைல..."

"டாக்டர் போன்லதான் சொல்றேன்னார்." அவள் மேசை விளிம்பைத் தடவினாள். "நான்தான் நேர்ல சொல்றேன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன்."

"ஏன்?"

ரோஷமெல்லாம் எங்கே போனதோ!

"போன்ல... உங்க கண்ணு தெரியாதே."

சொல்லிவிட்டாள். வெளியே மழை சடசடவென்று கொட்டியது. அவன் சுருட்டிய சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டான்.

"இனிமே ஊசி இல்லாமயே கூப்பிடுங்க" என்றான். "கண்ணை மூடாம உக்காந்திருக்கேன்."