ஒத்தப்பனைத் தீவிலிருந்து ஓடாதவர்

"ஓடுகாலிக்கெல்லாம் கல்லுல பேரு வெட்ட முடியாதும்மா!"

புன்னைத்துறை ஊர்க் கமிட்டித் தலைவர் பெர்க்மான்ஸ் இதைச் சொல்லிவிட்டு, மென்றுகொண்டிருந்த வெற்றிலையைப் புளிச்சென்று துப்பினார். சாறு டெல்பினின் செருப்பில் தெறித்தது. அவளுக்குக் குமட்டியது. டெல்பினுக்கு எதைக் கண்டாலும் குமட்டும். கடற்கரையில் பிறந்துவிட்டு மீன் குடலைப் பார்த்தால் மூக்கைப் பொத்துகிறாளே என்று ஊரே கேலி செய்யும். ஆனால் அன்று வெற்றிலைச் சாற்றைவிட அந்த ஒரு வார்த்தைதான் அவளை அதிகம் குமட்ட வைத்தது.

கோயில் முற்றத்தில் ஆளுயரக் கறுப்புக் கல் ஒன்றைப் படுக்கப் போட்டிருந்தார்கள். உலகப் போரில் கடற்படைக்குப் போன ஊர்க்காரர்களின் பெயர்கள் அதில் ஏறிக்கொண்டிருந்தன. ஏழு பெயர் முடிந்துவிட்டது. எட்டாவதாக வரவேண்டியவர் சூசை மகன் தொம்மை, டெல்பினுடைய அப்பாவின் தாத்தா. போருக்குப் போனார், திரும்பவில்லை. கப்பலை விட்டு ஓடிவிட்டார் என்று கடுதாசி வந்தது. அன்றிலிருந்து எண்பது வருசமாக அவர்கள் வீட்டுக்குப் பெயர் 'ஓடுகாலி வீடு'. நாற்பத்தைந்து வருசம் கடலில் உழைத்த டெல்பினின் அப்பா இன்றைக்கும் பூசைக்குப் போனால் கடைசி வரிசையில்தான் நிற்பார்.

"அவரு ஓடலன்னு ஆதாரம் கொண்டா. வெட்டச் சொல்றேன்" என்றார் பெர்க்மான்ஸ். "சனிக்கிழமை சாயங்காலம் வரைக்குந்தான் கொத்தன் இருப்பான். ஞாயித்துக்கிழமை பிஷப் ஆண்டவர் வந்து மந்திரிச்சிட்டா அப்புறம் உளி வைக்க முடியாது, பாத்துக்க."

அப்போது வியாழக்கிழமை ஆகியிருந்தது.

டெல்பின் வெறுங்கையோடு நிற்கவில்லை. பதினோரு மாதம் கடிதம் மேல் கடிதம் போட்டு, பழைய கடற்படைக் காகிதத்தின் நகல் ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். தொம்மை போன சிறு ரோந்துக் கப்பல் ஒத்தப்பனைத் தீவுப் பக்கம் கடலடிப் பாறைத் திட்டான பாரில் மோதி உடைந்திருக்கிறது. பன்னிரண்டு பேர் நீந்திக் கரையேறி, பாழடைந்த கலங்கரை விளக்கத்துக்குக் கீழே இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் ஒண்டியிருக்கிறார்கள். ஆகஸ்ட் பதினாலாம் தேதி மீட்புப் படகு வந்து பதினோரு பேரை ஏற்றிக்கொண்டது. 4417-ஆம் நம்பர் தொம்மையின் பெயருக்கு நேரே மட்டும் ஆகஸ்ட் ஒன்பது என்று தேதி போட்டு, ஒற்றை வார்த்தை: 'ஓடினான்'.

சுற்றிலும் உப்புத் தண்ணீர். கையில் படகு கிடையாது. பன்னிரண்டு மைலுக்கு அப்பால் கரை. அந்தத் தீவிலிருந்து ஒரு மனுசன் எங்கே ஓடுவான்? எழுதிய குமாஸ்தாவுக்கும் தோன்றவில்லை, எண்பது வருசமாக நாக்கில் போட்டு மென்ற ஊருக்கும் தோன்றவில்லை!

சனிக்கிழமை விடிந்ததும் படகு கிளம்பியது. வனத்துறை கொடுத்த அனுமதிச் சீட்டு அந்த ஒரு நாளுக்குத்தான். படகோட்டி மிக்கேல், பதினைந்து வருசம் சரக்குக் கப்பலில் உலகம் சுற்றியவர். மூன்றாவது ஆள் டெல்பினின் சித்தப்பா லடிஸ்லாஸ். ஏதோ கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ்!

"கச்சான் காத்து மத்தியானம் எழும்பிரும்" என்றார் மிக்கேல். "ரெண்டு மணிக்கு மேல ஒரு நிமிசம் நிக்க மாட்டேன். அப்புறம் பாரைத் தாண்ட முடியாது."

சித்தப்பா காதில் இது எதுவும் ஏறவில்லை. "எங்க தாத்தாவ என்னன்னு நெனச்ச மிக்கேலு? பேருக்குப் பக்கத்துலயே வெள்ளக்காரன் போட்டிருக்கான் பாரு, டாப் பாஸ்! பரீட்சையில மொத ஆளாத் தேறியிருக்காரு!"

இந்த டாப் பாஸ் விசயத்தை அவர் ஏற்கனவே வாட்ஸ்அப்பில் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டார். டெல்பினுக்கும் அந்தச் சொல் சரியாக விளங்கியிருக்கவில்லை. மிக்கேல் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"இது டாப் பாஸ் இல்ல அண்ணாச்சி. டோப்பாஸ்."

"அப்படின்னா?"

"கப்பல்ல கக்கூஸ் கழுவுறவன். வாந்தி எடுத்தா அள்ளுறவன். எங்க கப்பல்லயும் பழைய ஆளுங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க."

சித்தப்பாவின் முகம் கோணியது.

"படகத் திருப்பு!"

"சித்தப்பா!"

"திருப்புங்கிறேன்! மவளுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டிருக்கேன். ஓடுகாலின்னாக்கூட ஒரு வீம்பு இருக்கு. இது வெளிய தெரிஞ்சா எவன் பொண்ணெடுக்க வருவான்? சீ!"

டெல்பின் கோபத்தோடு பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் தன் கையைக் கவனித்தாள். மிக்கேல் திருப்பிக் கொடுத்த காகிதத்தை மடியில் போட்டுவிட்டு, அவள் விரல்கள் துப்பட்டாவில் தாமாகவே துடைத்துக்கொண்டிருந்தன. செத்துப்போன மனுசனின் பெயரைத் தொட்டதற்குக் கை துடைக்கிறாள்! சித்தப்பாவின் மேல் வந்த அருவருப்பு அப்படியே தன் மேல் திரும்பியது. தன்னை நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"மிக்கேலண்ணே, படகு தீவுக்குத்தான் போகுது" என்றாள்.

"அனுமதிச் சீட்டு தங்கச்சி பேர்ல இருக்கு அண்ணாச்சி" என்று மிக்கேல் எஞ்சினை முடுக்கினார். "நீங்க வேணும்னா நீந்திப் போங்க."

சித்தப்பா நீந்தவில்லை.

தீவு அழகாக இருக்கும் என்று நினைத்திருந்தால் அது டெல்பினின் தப்பு. கரை முழுக்க அழுகிய கடற்பாசி, முழங்கால் வரை உள்ளே இழுத்தது. செத்த ஆமை ஒன்று ஊதிக் கிடந்தது. இத்தனை ஊரும் கடலில் வீசிய பிளாஸ்டிக் பாட்டில்களும் செருப்புகளும் வேலி போலக் குவிந்திருந்தன. வாந்தியை அடக்கிக்கொண்டு, மூன்று பேரும் முள்ளுக்குள் புகுந்து ஏறினார்கள். மேட்டில் கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி மட்டும் மிச்சம் இருந்தது. அதன் பின்னால், தரையோடு தரையாக ஒரு சதுர ஓட்டை!

டார்ச்சை உள்ளே அடித்ததும், இருட்டு உயிரோடு எழும்பி வந்தது. ஆயிரக்கணக்கில் வௌவால்கள்!

"குனி! குனி!" என்று கத்தினார் மிக்கேல்.

சித்தப்பா குப்புற விழுந்தார். வெள்ளைச் சட்டைக்கு அத்தோடு ஆயுசு முடிந்தது. வௌவால்கள் போனபிறகு வந்தது நாற்றம். மூத்திரமும் அழுகலும் சேர்ந்து கண்ணைக் கரித்தது, நாக்கில் வந்து ஒட்டியது.

"இதுக்குள்ளயா எறங்கப் போற? நீ மீன் கழுவவே மாட்டியே பிள்ள!" என்றார் மிக்கேல்.

"அவங்க பன்னெண்டு பேரும் இதுக்குள்ளதான இருந்திருக்காங்க. கயித்தக் கட்டுங்க."

இரும்பு ஏணி துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. கயிற்றைப் பிடித்து இறங்கினாள். கால் தரையைத் தொடவில்லை, பொத்தென்று சாணம் போன்ற ஒன்றுக்குள் போனது. எண்பது வருச வௌவால் எச்சம், தொடை வரை! அதற்குள் கரப்பான் பூச்சிகள் நெளிந்தன. ஒன்று அவள் கழுத்தில் ஏறியது. டெல்பின் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துவிட்டுச் சுவரில் டார்ச்சை அடித்தாள்.

சுண்ணாம்புச் சுவர் நெடுக இங்கிலீஷிலும் இந்தியிலும் பெயர்கள், படகுப் படங்கள், ஒரு கெட்ட வார்த்தை. வடக்கு மூலையில், நிற்கிற ஆளின் கண் உயரத்தில், ஆணியால் கீறிய தமிழ் எழுத்து!

"மிக்கேலண்ணே! இருக்கு! எழுத்து இருக்கு!"

மிக்கேலும் கயிற்றில் சரசரவென்று இறங்கி வந்தார். டெல்பின் சத்தமாகப் படித்தாள்.

'ஆகஸ்ட் 9. ஏழு பேருக்கு வயிற்றோட்டம். நான் அள்ளுகிறேன். டோப்பாஸ் 4417 சூ. தொம்மை.'

காகிதத்தில் இருந்த அதே நம்பர். காகிதப்படி அந்த ஆள் ஓடிப்போன அதே தேதி!

அடுத்த வரி நெஞ்சு உயரத்துக்கு இறங்கியிருந்தது. உட்கார்ந்தபடி எழுதியிருக்க வேண்டும்.

'ஆகஸ்ட் 12. எல்லாருக்கும் குணம். எனக்கு வந்துவிட்டது.'

அதற்கும் கீழே, இடுப்பளவில்: 'ஆகஸ்ட் 14. படகு வந்தது. என் ஆட்கள் பதினோரு பேரும் ஏறினார்கள். நாறுகிறான், ஏற்றாதே என்றார்கள்.'

ஏழு பேரின் மலத்தை வெறுங்கையால் அள்ளியவன் நாறுகிறானாம்! அவன் அள்ளியதால் பிழைத்தவர்கள் அவனைக் குழிக்குள் விட்டுவிட்டு ஏறிப் போயிருக்கிறார்கள். கேள்வி வந்துவிடக் கூடாதே என்று ஐந்து நாள் முன்தேதி போட்டு, ஓடினான் என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். மிக்கேல் அந்தப் பதினோரு பேரை நினைத்துக் காறித் துப்பினார்.

எழுத்து இன்னும் கீழே போனது. கீழ்நோக்கி இறங்கிய ஒரு கீறல் மட்டும் தெரிந்தது, மீதி எச்சத்துக்குள் புதைந்திருந்தது. மேலிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார். "காத்து எழும்பிருச்சு! மேல வாங்க!"

மண்வெட்டி படகில் கிடந்தது. போய் எடுத்துவர நேரமில்லை. டெல்பின் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அள்ள ஆரம்பித்தாள். ஈரமாக, சூடாக, புழுவோடு விரலிடுக்கில் வழிந்தது. அவள் நிறுத்தவில்லை. மிக்கேலும் குனிந்தார். அடுத்து யாரோ பொத்தென்று பக்கத்தில் குதித்தார்கள். சித்தப்பா! ஓட்டைக்கு மேல் நின்று அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கூலிங் கிளாஸைக் காணோம். அவரும் அள்ளினார்.

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கடைசி வரி வந்தது. படுத்தபடி எழுதிய கோணல் எழுத்து.

'ஆகஸ்ட் 17. ஊரில் கேட்டால் சொல்லவும். நான் ஓடவில்லை. இங்கேதான் இருக்கிறேன்.'

அதற்குக் கீழே அவர்கள் தோண்டவில்லை. அதற்குக் கீழே என்ன இருக்கும் என்று மூன்று பேருக்கும் தெரியும். சித்தப்பா சிலுவை போட்டுக்கொண்டார். "தாத்தா, மறுபடி சீட்டு வாங்கிட்டுப் பெட்டியோட வர்றோம்" என்றார், பக்கத்து அறையில் இருக்கிறவரிடம் சொல்வது போல.

போனில் படம் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்கள், ஓடினார்கள், படகில் விழுந்தார்கள். மணி இரண்டேகால்! பாருக்கு மேல் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. "பிடிச்சுக்கோங்க!" என்று மிக்கேல் ஒரு பெரிய அலைக்குக் காத்திருந்து, அதன் முதுகில் படகை ஏற்றினார். அடிப்பலகை பாரில் கரகரவென்று உரசியது. சித்தப்பா மூழ்குகிற மாதிரி அலறினார். படகு தாண்டிவிட்டது!

ஐந்தரை மணிக்குக் கோயில் முற்றத்தில் கொத்தன் உளிகளைச் சாக்கில் சுருட்டிக்கொண்டிருந்தான். மூன்று பேரும் நேராக அங்கே வந்து நின்றார்கள். கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகியது. பெர்க்மான்ஸ் தோள் துண்டை வாயில் வைத்தபடி ஒவ்வொரு படமாகப் பார்த்தார். பார்த்து முடிந்தபோது அவரால் டெல்பினின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சரி, வெட்டிரலாம்" என்றார். "தொம்மை, மாலுமின்னு போடுவோம். அந்த டோப்பாஸ் மட்டும் வேண்டாம்மா. கோயில் வாசல், நல்லாயிருக்காது. நீ மொதல்ல வீட்டுக்குப் போயிக் குளி. தாங்க முடியல."

"பதினோரு பேரு சொன்னதத்தான் நீங்களும் சொல்றீங்க" என்றாள் டெல்பின். "அவரு தன் பேரோட என்ன எழுதினாரோ, அதத்தான் வெட்டணும். வெட்டி முடிச்சப்புறம் குளிக்கிறேன்."

அவள் கொத்தனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பாவும் உட்கார்ந்தார். "நான் நெனச்ச டாப் பாஸ் இல்ல தம்பி" என்று கொத்தனிடம் சொல்லி, எழுத்து எழுத்தாகச் சொல்லத் தொடங்கினார். "டோ போடு. அடுத்து ப், பா. ஸ்."

பெர்க்மான்ஸ் கொத்தனைப் பார்த்துத் தலையசைத்தார். உளி விழத் தொடங்கியது.

அருவருப்பு எல்லாருக்கும் வரும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எதைக் கண்டு வருகிறது என்பதை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். டெல்பின் ஒரு நாளில் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

கடைசி எழுத்து விழும்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் அப்பா வந்தார். கல்லைப் படித்தார். அந்த நாற்றத்தோடு அப்படியே மகளைக் கட்டிக்கொண்டார். மறுநாள் பூசையில் அவர் முதல் வரிசையில் நின்றார்.