வால்கள் மட்டும்

கண்ணாடித் தட்டில் வால்கள் மட்டும் கிடந்தன. உடல் ஒன்றுகூட இல்லை.

அக்கா நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி குனிந்தாள். விடுமுறை நாளின் மத்தியானம். ஆய்வுக்கூடத்தில் அவளைத் தவிர ஈ காக்காய் இல்லை. தொட்டியில் குமிழிகள் உடையும் சத்தமும், அழுகிய பாசியின் வீச்சமும், சாத்திய ஜன்னலுக்கு இந்தப் பக்கம் தேங்கிய புழுக்கமும் சேர்ந்து அவளை மூச்சுவிட விடாமல் அழுத்தின. விளக்கைப் போட்டால் தொட்டியிலுள்ள கடல்நத்தைகள், தங்களுக்குள் வளரும் இந்தத் தட்டைப்புழுக் குஞ்சுகளை நீரில் கக்கும். குடியேற ஓர் உயிரின் தோல் கிடைத்தால்தான் அவை வாலை உதறிவிட்டு உள்ளே நுழையும். காலையிலிருந்து அந்த நீரைத் தொட்டவை அவளுடைய விரல்கள் மட்டும்தான்.

முழங்கைவரை அரித்தது. ஒரு வாரமாகவே அரிப்புதான். உப்புத்தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தாள்.

இந்தக் குஞ்சுகளைக் கண்டுபிடித்தவள் தங்கை. வளர்ந்த புழு எந்த உயிருக்குள் வாழ்கிறது என்று தெரியாமல் வகைப்படுத்தக் கூடாது என்று தலைபாடாய் அடித்துக்கொண்டாள். அக்காவுக்கு ஏது பொறுமை? கடற்பறவை என்று குத்துமதிப்பாக எழுதி, கட்டுரையைத் தன் பெயரில் வெளியிட்டாள். எதிர்த்துக் கேட்டவளுக்குத் திருடிப் பட்டம் கட்டி வேலையை விட்டே துரத்தினாள். போன வாரம், பகை வேண்டாம் என்று சொல்லி இந்த நத்தைகளை அனுப்பியவளும் அதே தங்கைதான். பறவைக்குள் போகிற புழுதானே என்று, தான் எழுதிய பொய்யைத் தானே நம்பி, அக்கா வெறுங்கையால் அளைந்துகொண்டிருந்தாள்.

கைப்பேசியில் தங்கையைக் கூப்பிட்டாள்.

"அடியே, இது பறவைக்குள்ளதானே போகும்?"

"நீதானேக்கா அப்படி எழுதின?" தங்கை சிரித்தாள். "கையுறை போட்டியா?"

அக்கா தன் ஈர விரல்களைப் பார்த்தாள்.

"நீ போட்டிருக்க மாட்டேன்னு தெரியும். அங்கேயே இரு. வாசல்லதான் நிக்கிறேன்."

அக்கா கைப்பேசியை வைத்தாள். தட்டைத் தள்ளிவிட்டு நுண்ணோக்கியில் குனிந்தாள். வெறும் வெளிச்ச வட்டம். அதில் ஏதோ நீந்தியது.

தலையைத் தூக்கினாள். வெள்ளைச் சுவரிலும் நீந்தியது. வலது கண்ணைப் பொத்தினாள். சுவர் சுத்தமானது. கையை எடுத்தாள். மறுபடி வந்தது. இப்போது பெரிதாக.

கதவு திறந்தது. காலடிச் சத்தம். விளக்கு அவள் முகத்தின் மேல் திரும்பியது. கையுறை போட்ட விரல் ஒன்று இமையைப் பிரித்தது.

"அடடா, எவ்வளவு அழகா வளர்ந்திருக்கு!" தங்கை நாற்காலியை இழுத்துப்போட்டு, மடியில் வரைதாளை விரித்தாள். "நான் தேடினது பறவையில்ல, உன்னைத்தான். இதுக்கு உன் பேரையே வைக்கிறேன்கா. அசையாதே."

தங்கையின் மூக்குக்கண்ணாடியில் அக்கா தன் கண்ணைப் பார்த்தாள். கருவிழிக்குள் தட்டையான அந்த உடல், ஓரங்கள் அலைய அலைய, வெளிச்சத்தின் பக்கம் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று.