கண்டியில் வாசித்த காம்போதி

திங்கட்கிழமை, காலை பத்து மணி. கண்டிப் பொலிஸ் நிலையத்துக்கு வந்த அந்த முறைப்பாட்டைக் கேட்டுச் சிரிக்காதவர் ஒரேயொருவர்தான்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிப்பித்து ஓய்வுபெற்ற வரதராசா, தன்னுடைய இசைத்தட்டு ஒன்று களவு போய்விட்டது என்றார். எந்தத் தட்டு என்று கேட்டதற்கு, கையோடு கொண்டுவந்திருந்த தட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"களவு போனது இதுதானோ?" என்று கேட்டார் சப் இன்ஸ்பெக்டர் விவேகானந்தன்.

"இது இல்லை. இதைப்போல இன்னொண்டு. உறை என்ரை. உள்ளுக்கு இருக்கிற தட்டு வேறை ஆரின்ரையோ."

பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை அடக்கமுடியாமல் எழுந்து வெளியே போனார். விவேகானந்தன் சிரிக்கவில்லை. பெரிய பொறுமைசாலி என்பதால் அல்ல. வந்தவர் யாழ்ப்பாணத்துத் தமிழில் கதைத்தார். விவேகானந்தனுக்கு அதைக் கேட்டு வெகுநாளாகிவிட்டது. மனைவியும் பிள்ளைகளும் சுன்னாகத்தில், அவர் கட்டுகஸ்தோட்டையில் ஒரு வாடகை அறையில். ஊருக்குப் போக லீவு கிடைப்பது எப்போதாவதுதான். தன் ஊர்ப்பேச்சில் யாராவது கதைத்தால், களவோ கொலையோ, ஆறுதலாக உட்கார்ந்து கேட்பார்.

"உங்கடை இல்லையெண்டு எப்பிடித் தெரியும்?"

"நடு லேபிளிலை என்ரை பேரின்ரை முதலெழுத்தைப் பென்சிலாலை போட்டிருந்தனான். அது இல்லை. போட்டுக் கேட்டால் இரண்டாம் பக்கத்திலை ஓரிடத்திலை கரகரக்குது. என்ரை தட்டு கரகரக்காது. மாதத்துக்கு ஒருக்காத்தான் ஊசி வைப்பன்."

அந்தத் தட்டின் கதையை விவேகானந்தனும் அறிவார். அறியாதவர்கள் குறைவு. பன்னிரண்டு வருடங்களுக்கு முன், 1962இல், வித்துவான் வீரய்யா கண்டியில் ஒரு மண்டபத்தில் நாதஸ்வரம் வாசித்தார். அதை அப்படியே பதிந்து தட்டாக்கினார்கள். முதற் பக்கத்தில் சின்னச் சின்ன உருப்படிகள். இரண்டாம் பக்கம் முழுவதும் காம்போதி. சங்கீத விஷயத்தில் இரண்டு ரசிகர்கள் ஒத்துப்போவது லேசில் நடக்கிற காரியமா? ஆனால் இந்தத் தட்டென்று வந்தால் வாய்ச்சண்டைக்காரர்கூடக் கும்பிட்டுவிடுவார்கள். இதற்குமேல் ஒருவராலும் வாசிக்க ஏலாது என்பதே எல்லோருடைய தீர்ப்பும். வித்துவான் இப்போது உயிரோடு இல்லை. புதிதாக ஒன்று வாங்கவும் வழியில்லை. வெளிநாட்டுச் சாமான்களை அரசாங்கம் மறித்திருந்த காலம். பாண் ரொட்டிக்கே விடிய எழும்பி வரிசையில் நிற்கிறபோது இசைத்தட்டை யார் இறக்குமதி செய்வது?

"ஆரெண்டாலும் பிடிச்சுக் கோட்டிலை ஏத்தவேணும்" என்றார் வரதராசா.

"ஆரிலை சந்தேகம்?"

"என்ரை வீட்டுக்கு வாறது மூண்டே மூண்டு பேர். வேறை ஒருத்தரும் வாறேல்லை."

அன்று பின்னேரம் கெட்டம்பேயில் இருந்த வரதராசாவின் வீட்டுக்கு விவேகானந்தன் போனார். மனைவி போனபின் வரதராசா தனிக்கட்டை. ஞாயிறு பின்னேரங்களில் மட்டும் கூடத்தில் நாலு கதிரை போடுவார். மூவர் வருவார்கள்: கொழும்பு வீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் ஹாஷிம், பெண்கள் பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கும் பத்மாதேவி, குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தையல்கடையில் வேலைசெய்யும் நல்லம்மா. நல்லம்மா வந்து சேர்ந்ததே விசித்திரம். சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, வீதியால் போனவள் காம்போதி முடியும்வரை படலையில் கைவைத்தபடி நின்றிருக்கிறாள். வரதராசா உள்ளே கூப்பிட்டார். அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் தவறவில்லை.

தை மாதத்தோடு இந்தக் கூட்டமும் முடிகிறது. வரதராசா வீட்டை விற்றுவிட்டு ஊரோடு போகப்போகிறார். தட்டுகளை எல்லாம் அங்கே ஒரு நூலகத்துக்குக் கொடுப்பதாக முந்தின மாதம் அறிவித்திருந்தார்.

"நேற்று என்ன நடந்தது?"

"காம்போதி கேட்டு முடிய, இருட்டுற நேரம் கரண்ட் போச்சுது. நான் குசினிக்குப் போய் அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வைச்சன். கூடத்திலை மூண்டு பேரும் இருந்தவை. இண்டைக்குக் காலமை துடைச்சு வைக்க எடுத்தால் லேபிளிலை என்ரை எழுத்து இல்லை. போட்டுப் பாத்தன். கரகரத்துது."

வரதராசா தட்டைச் சுழலவிட்டு இரண்டாம் பக்கத்தில் ஊசியை வைத்தார். விவேகானந்தனுக்குச் சங்கீதம் தெரியாது. ஆனாலும் அந்த நாதஸ்வரம் கூடத்தை நிறைத்தபோது, தனக்கென்று ஒருவரும் பக்கத்தில் இல்லாதது அவருக்குச் சுரீரென்று உறைத்தது. வித்துவான் ஏறி ஏறிப் போய், ஓர் உச்சியில் நிறுத்தி மூச்செடுத்தார். சுருதி பிடிக்கும் ஒத்து மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் கரகரப்பு வந்தது, தகரத்தில் மணலைக் கொட்டுகிற மாதிரி. சில சுற்றுத்தான். வித்துவான் திரும்ப எடுத்தார். வாசிப்பு மீண்டும் சுத்தமாக ஓடியது.

விவேகானந்தன் தட்டை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தார். இரண்டு பக்கமும் புதுத்தட்டுப்போல் கறுகறுவென்று மினுங்கின. இரண்டாம் பக்கத்தின் உட்புறத்தில் மட்டும் மெல்லிய சாம்பல் நிற வளையம் ஒன்று இருந்தது. அதன் தொடக்கத்தில் பொடிப்பொடியான கீறல்கள்.

"பழசைத் தந்திட்டு நல்லதைக் கொண்டுபோயிருக்கினம்" என்றார் வரதராசா.

"இது பழசுமில்லையே, ஐயா" என்று மட்டும் சொன்னார் விவேகானந்தன்.

செவ்வாய். ஹாஷிமின் கடை. சேலைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஹாஷிம், பொலிஸைக் கண்டதும் முகம் கறுத்தார்.

"வரதராசா மாஸ்டர் என்னையக் கள்ளன் எண்டு சொன்னாரா?"

"ஒருத்தரையும் சொல்லேல்லை. அந்தத் தட்டு எப்பிடி?"

"அது தங்கம் சேர்."

"குறை ஏதும்?"

"ஒண்டே ஒண்டு ஈக்கி. காம்போதில, வித்துவான் மூச்செடுக்குற நேரம் பாத்து ஒரு மடையன் பேசுறான். 'இன்னும் கொஞ்ச நேரந்தான், போயிருவோம்' எண்டு. அப்படி வாசிக்கிறப்ப எவனுக்காவது வீட்டு ஞாபகம் வருமா?"

"உங்களிட்டை இதே தட்டு இருக்கோ?"

"ஈந்துச்சி. மகள்ட கலியாணத்துல மருமகனுக்குக் குடுத்தேன். அக்குறணைல ஈக்கி. போய்ப் பாருங்க."

விவேகானந்தன் போய்ப் போட்டுக் கேட்டார். ஹாஷிம் சொன்ன குரல் அதே சொற்களோடு இருந்தது.

புதன். பாடசாலை விட்டபின் பத்மாதேவியை விடுதி வாசலில் பிடித்தார். அவர் மானிப்பாய்க்காரி, திருமணமாகாதவர், விடுதி அறையில் கட்டிலும் தம்புராவும்தான் உண்டு.

"நல்ல தட்டோ?"

"அதைக் கேட்டுத்தானே நான் பிள்ளையளுக்குக் காம்போதி சொல்லிக்குடுக்கிறன்."

"குறை?"

"அந்தக் குரங்குதான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "இடையிலை ஒருத்தன் கதைக்கிறான். அந்த இடம் வந்தால் வரதராசா சேர் அவனைத் திட்டத் தொடங்குவார். 'எருமை, ஏன் வந்தனி, வீட்டிலை படுத்திருக்கலாமே' எண்டு. நாங்களும் சேர்ந்து திட்டுவம். உண்மையைச் சொன்னால் மாதம் முழுக்க நான் சிரிக்கிறது அந்த நேரத்திலை மட்டுந்தான்."

"உங்களிட்டை ரெக்கோட் பிளேயர் இருக்கோ?"

"இருந்தால் நான் ஏன் அங்கை போறன்?" பிறகு மெதுவாகச் சொன்னார்: "இல்லை, அப்பவும் போவன்."

அன்றே தையல்கடைக்கும் போனார். நல்லம்மா மெஷினில் பாடசாலைச் சட்டை ஒன்று தைத்துக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டாத வயது. எழுந்து நின்றாள்.

"இருங்கோ. அந்தத் தட்டைப் பற்றி என்ன நினைக்கிறியள்?"

"நல்ல தட்டுங்கய்யா. எல்லாருந்தான் சொல்றாங்களே."

"குறை ஏதும்?"

"கொறை ஒண்ணும் இல்லீங்க."

"வீட்டிலை ரெக்கோட் பிளேயர் இருக்கோ?"

"வீட்டுக்காரரோடது ஒண்ணு கெடக்குது. கல்யாணம், திருவிழான்னா ஸ்பீக்கர் செட் கட்டப் போவாரு. அவரு போயி ஒம்பது வருஷமாச்சு."

"இப்ப வீட்டிலை ஆர் ஆர்?"

"நான்தாங்க."

பொய் சொல்கிறவர்கள் நிறையப் பேசுவார்கள். இவள் கேட்டதற்குமேல் ஒரு சொல்கூடப் பேசவில்லை. விவேகானந்தன் தொப்பியை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துச் சனத்துக்குள் இறங்கினார். பாதி வழியில் சட்டென்று நின்றார். பின்னால் வந்தவன் முட்டிக்கொண்டு சிங்களத்தில் ஏசினான். அது அவர் காதில் விழவில்லை.

ஞாயிறு, பின்னேரம் நாலு மணி. கெட்டம்பே வீட்டில் வழக்கமான நாலு கதிரைக்கு ஐந்தாவதாக ஒன்று சேர்ந்திருந்தது. முன்பு சிரித்துப் பேசியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். நல்லம்மா கடைசிக் கதிரையில், ஒரு துணிப்பையை மடியில் மட்டமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

விவேகானந்தன் சுற்றிவளைக்கவில்லை.

"பழந்தட்டைக் குடுத்து நல்லதை எடுத்ததெண்டால் தட்டு முழுக்கத் தேஞ்சிருக்கவேணும். இது ஒரேயொரு இடத்திலைதான் தேஞ்சிருக்கு. ஆரோ ஒராள் அந்த இடத்திலை மட்டும், பாட்டுக்கு நடுவிலை, திரும்பத் திரும்ப ஊசியை வைச்சிருக்கினம். அந்த இடத்திலை என்ன இருக்கு, ஐயா?"

"ஒண்டும் இல்லை" என்றார் வரதராசா. "வித்துவான் மூச்செடுக்கிறார். அந்தக் குரங்கு கதைக்கிற இடம்."

"அதுதான். சங்கீதத்துக்காகக் கேட்டவையெண்டால் அந்த இடத்தைத் தேடி ஊசி வைக்கமாட்டினம். குரலுக்காகக் கேட்டிருக்கினம். கேட்டுக் கேட்டே அந்தக் குரலை அழிச்சுப்போட்டினம். இந்தத் தட்டிலை இப்ப அது இல்லை."

விவேகானந்தன் கதிரையை முன்னால் இழுத்துப்போட்டார்.

"'போயிருவோம்' எண்டு யாழ்ப்பாணத்தான் சொல்லமாட்டான். அது தேயிலைத் தோட்டப்பக்கப் பேச்சு. மண்டபத்துக்குள்ளை எவ்வளவோ சனம். ஒருத்தற்றை குரல் மட்டும் இவ்வளவு தெளிவாப் பதிஞ்சதெண்டால் அவர் மைக்குக்குப் பக்கத்திலை இருந்திருக்கவேணும். மைக்குக்குப் பக்கத்திலை இருக்கிறது ஸ்பீக்கர் செட் கட்டினவர். ஆனால் எனக்கு முதல்லை காட்டித்தந்தது இதொண்டும் இல்லை. எல்லாரிட்டையும் ஒரே கேள்வியைக் கேட்டனான், தட்டிலை என்ன குறையெண்டு. எல்லாரும் அந்த மனுசனைத் திட்டிச்சினம். ஒராளுக்கு மட்டும் அதொரு குறையாத் தெரியேல்லை." அவர் குரல் தணிந்தது. "தட்டை மாத்தினது நல்லம்மா."

நல்லம்மா மறுக்கவில்லை. பையிலிருந்து தட்டை எடுத்து, விளிம்பைப் பிடித்து, வரதராசாவின் மேசைமேல் வைத்தாள். லேபிளில் பென்சில் எழுத்து இருந்தது.

"கல்யாணமான புதுசுங்க. பன்வில தோட்டத்துலருந்து வந்த எனக்கு டவுன்ல யாரையும் தெரியாது. வீட்ல தனியா இருக்கப் பயப்படுவேன்னு என்னையும் கூட்டிக்கிட்டு வந்து மேடை ஓரத்துல ஒக்கார வச்சாரு. எனக்குப் பாட்டு என்ன தெரியும், தூங்கித் தூங்கி விழுந்தேன். அதுக்குத்தான் அப்புடிச் சொன்னாரு. வேற எதுலயும் அவரு பேசி நான் வச்சிருக்கல. என்னோட தட்டுல கேக்காமப் போனதுக்கப்புறம், இங்க மாசத்துக்கு ஒருக்கா வந்து கேட்டேன். ஐயா ஊருக்குப் போனா அதுவும் இல்லியே."

வரதராசா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். இத்தனை வருடமும் தான் வாய்க்கு வந்தபடி திட்டியதெல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்திருக்கவேண்டும், முகம் சாம்பிப்போயிருந்தது.

"தம்பி, முறைப்பாட்டைக் கிழிச்சுப்போடும்" என்றார். பிறகு நல்லம்மா பக்கம் திரும்பினார். "தட்டை நீங்களே வைச்சிருங்கோ, பிள்ளை. நூலகத்துக்குக் குடுக்கேல்லை."

"வேணாங்கய்யா. என்கிட்ட இருந்தா இதையும் தேச்சுப்புடுவேன். டீச்சரம்மாவுக்குக் குடுங்க. எங்க வீட்டு மெஷினையும் அவங்களே வச்சிக்கட்டும். மாசத்துக்கு ஒருக்கா நான் அங்க போயிக் கேட்டுக்கிறேன்."

பத்மாதேவி சரி என்று தலையாட்டினார்.

வழக்கு முடிந்தது. ஆனாலும் விவேகானந்தன் எழுந்திருக்கவில்லை. பொலிஸ்காரனாக இல்லாமல் ஒன்று கேட்கவேண்டியிருந்தது.

"இவ்வளவு காலமும் இவை உங்கடை மனுசனைத் திட்டேக்கை பேசாமல் இருந்திருக்கிறியள். என்ரை புருசன்தான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

நல்லம்மா வெறும் பையை நாலாக மடித்தாள்.

"சொல்லியிருந்தா இவங்க திட்டுறத நிப்பாட்டியிருப்பாங்கய்யா. அப்புறம் அவரப் பத்திப் பேச இந்த ஊர்ல யாரு இருக்கா?"